துறைமுக வாசலில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்

கூவம் முதல் ஆரணியாறு வரை: வடசென்னைத் தொழிலாளர் வரலாறு – 12

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை நகரத்துக்கு முதன்முறையாக இரண்டு மக்களவைத் தொகுதிகள் கிடைத்தன. தென்சென்னை மக்கள் தேர்ந்தெடுத்தது மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை. வடசென்னைக்காரர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு சுயேச்சையை. பணபலமோ சாதிபலமோ இல்லாதவர் அவர். இந்த ஊரில் பிறந்தவர்கூட இல்லை. இலங்கையில் பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை, கிறிஸ்தவர், சிங்களப் பெண்ணை மணந்தவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தலைமறைவு அரசியல்காரராகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். அவர் பெயர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளிக்கும் ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளிக்கும் அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அவர்கள்தான் அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள். சென்ற பகுதியில் பி.பி. வாடியாவையும், 1918 ஏப்ரல் 27ஆம் தேதி தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும் பார்த்தோம். அந்தச் சங்கத்தின் அடுத்த பெரிய அத்தியாயம் இவருடையது. நம் கவரைப்பேட்டைப் பக்கம் அந்தக் காலத்தில் வடசென்னைத் தொகுதியில் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்து நெல்வயல்கள் அவை. ஆனாலும் அவருடைய கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இருக்கிறது. முதலில் கதை.

கிங்ஸ் கல்லூரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு

அந்தோணிப்பிள்ளை 1914இல் பிறந்தார். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்தார். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். அந்தக் காலத்து யாழ்ப்பாணக் குடும்பங்கள் பிள்ளையை லண்டனுக்கு அனுப்பினால் ஐ.சி.எஸ். கனவோடுதான் அனுப்பும். 1930களின் லண்டனிலோ மாணவர்களை இழுக்க வேறு காற்றும் வீசியது. ஹிட்லர் ஒரு பக்கம், ஸ்டாலின் ஒரு பக்கம். இரண்டையும் எதிர்த்த ட்ராட்ஸ்கியின் கருத்துகள் இன்னொரு பக்கம். பிள்ளை அந்த மூன்றாவது பக்கம் சாய்ந்தார். நாடு திரும்பியதும் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1939இல் திருமணம். மணமகள் கரோலின், கட்சித் தலைவர்களில் ஒருவரான பிலிப் குணவர்தனாவின் தங்கை. அவிசாவளைக்கு அருகே போரலுகொடையில் செல்வாக்கான சிங்களக் குடும்பம் அது. 1915 கலவரத்தின்போது ஆங்கிலேய அரசு கரோலினின் தந்தைக்குத் தூக்குத் தண்டனை விதித்துப் பிறகு விலக்கிக்கொண்டது. அந்த வீட்டில் அரசியல் வேண்டாமென்று சொல்லும் பெரியவர்கள் இல்லை. கரோலின் கணவருக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தார். இருவரும் மலையகத்துக்குப் போனார்கள்.

தோட்டத் தொழிலாளர்களிடையே அப்போது கொந்தளிப்பு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு சமசமாஜத் தலைவர்கள் பிலிப், என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதானார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. இரண்டே நாளில் அந்த நால்வரும் கண்டியின் போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கட்சியின் முக்கியமானவர்கள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டி இந்தியா வந்தார்கள். இந்தியப் புரட்சியும் இலங்கைப் புரட்சியும் ஒன்றேதான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்காக இந்திய போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி என்ற பெயரில் இரு நாட்டுக்கும் பொதுவான கட்சியே தொடங்கினார்கள். அந்தோணிப்பிள்ளைக்கும் கரோலினுக்கும் மதுரை வாய்த்தது. பஞ்சாலைத் தொழிலாளர் நடுவே வேலை, பிறகு சிறை. சிறையிலிருந்து வந்ததும் சென்னை.

யுத்தம் முடிந்ததும் பெரும்பாலான தோழர்கள் இலங்கைக்குத் திரும்பிவிட்டார்கள். இவர்கள் திரும்பவில்லை. அந்த ஒரு முடிவால்தான் நமக்கு இந்த அத்தியாயம் கிடைத்தது.

வெளியாள் தலைமை

1946 ஜூனில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக அந்தோணிப்பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு 32 வயது. பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில், மக்கள் வாயில் பின்னி மில்லில், அவர் ஒரு நாள்கூட நூல் நூற்றதில்லை. துறைமுகத்தில் ஒரு மூட்டைகூடச் சுமந்ததில்லை. பிறகு எப்படித் தலைவரானார்?

விடை பாதி சட்டத்தில் இருக்கிறது. 1920இல் பின்னி நிறுவனம் வாடியாவை நீதிமன்றத்துக்கு இழுத்து, தொழிலாளர்களைத் தூண்டக்கூடாது என்று தடையாணை வாங்கியதைச் சென்ற பகுதியில் படித்தோம். அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் சங்கம் நடத்துவோருக்குப் பாதுகாப்புத் தரும் 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. இதில் நடைமுறை நியாயம் இருந்தது. ஆலையில் வேலை செய்பவன் தலைவனானால் மறுநாளே சீட்டுக் கிழியும். வெளியாளை முதலாளி வேலையிலிருந்து நீக்க முடியாது. தவிர, ஒப்பந்தம், வழக்கு, மனு எல்லாமே ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. லண்டனில் படித்தவருக்கு முதலாளியின் மொழி தெரியும். மதுரைச் சிறையும் மலையகத் தோட்டமும் அவருக்குத் தொழிலாளியின் மொழியைக் கற்றுத் தந்திருந்தன.

1947 மார்ச் 11ஆம் தேதி பின்னி ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 14,000 தொழிலாளர்கள். ஏறத்தாழ நூறு நாட்கள். சுதந்திரம் வாசலில் நிற்கும்போது, காங்கிரஸ் மந்திரிசபை ஆளும் மாகாணத்தில் இது நடந்தது. அதே மாதத்தில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். போராட்டத்தை அரசு அடக்குமுறையால் எதிர்கொண்டது, அந்தோணிப்பிள்ளை கைதானார். வெள்ளைக்காரன் போனால் விடிந்துவிடும் என்று நம்பியிருந்த பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்களுக்கு அந்த நூறு நாள் கசப்பான பாடம். வேலைநிறுத்தம் வெல்லவில்லை. ஆனால் தலைவர் தொழிலாளர்களிடம் செல்வாக்கை இழக்கவும் இல்லை. தோற்ற போராட்டத்துக்குப் பிறகும் கூடவே நின்றவர் என்ற பெயர் அவருக்கு மிஞ்சியது.

மேஸ்திரியின் விரல்

இப்போது துறைமுகம். அந்தோணிப்பிள்ளையின் வாழ்நாள் வேலை என்று சொல்லத்தக்கது இங்கேதான் நடந்தது.

சென்னைத் துறைமுகத்தில் இருவகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கரையில் சரக்கை வாங்கி அடுக்குபவர்கள் துறைமுக டிரஸ்ட்டின் ஆட்கள். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிச் சரக்கை ஏற்றி இறக்குபவர்கள் ஸ்டீவடோர் கம்பெனிகளின் ஆட்கள். முன்னவருக்கு ஓரளவு நிலையான வேலை உண்டு. பின்னவருக்குக் கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும். விடிகாலையில் துறைமுக வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி வருவார். விரல் நீட்டிக் காட்டுகிறவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம், அல்லது அடுத்த ஷிப்டுக்குக் காத்திருக்கலாம். யாரைக் காட்டுவது என்பதை மேஸ்திரிக்குக் கொடுத்த பங்கும் வாங்கிய கடனும் தீர்மானிக்கும். சங்கம் வைத்தால், அந்த விரல் ஒருபோதும் உன் பக்கம் திரும்பாது.

உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு நடத்திய வேலைநிறுத்தமே பிரிட்டனில் சாதாரணக் கூலிக்காரர்களின் சங்கங்களுக்கு வழி திறந்தது. அதை நடத்திய பென் டில்லெட் பிறகு நாடாளுமன்றம் போனார். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, நாளைக்கு வேலை உண்டா என்பதே துறைமுகத்தின் அடிப்படைக் கேள்வி. இந்தியாவில் 1931ஆம் ஆண்டின் விட்லி ஆணைய அறிக்கை, முக்கியத் துறைமுகங்களில் தொழிலாளர் பெயர்களைப் பதிவு செய்து முறைவைத்து வேலை கொடுக்கச் சொன்னது. அறிக்கை பதினேழு ஆண்டுகள் தூங்கியது. 1948இல்தான் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின்கீழ் 1950களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் ‘டாக் லேபர் போர்டு’ அமைந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்த வாரியம் அது. அதன் செயல்முறை எளிது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறும். ஒவ்வொரு நாளும் அவர் வந்து வருகையைச் சொல்வார். வேலை முறைப்படி, வரிசைப்படி பிரிக்கப்படும். வந்தும் வேலை இல்லையென்றால் வருகைப்படி உண்டு. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி நிச்சயம் என்ற உத்தரவாதமும் உண்டு. கப்பல் வராத நாளின் சுமை முழுவதும் தொழிலாளி தலையில் விழுந்த காலம் அத்தோடு முடிந்தது. கப்பல் வைத்திருப்பவனும் அதில் பங்கு சுமக்க வேண்டியதாயிற்று.

சட்டம் தாளில் இருந்தால் போதாது. பதிவேட்டில் யார் பெயர் ஏறும், உத்தரவாத நாட்கள் எத்தனை, எந்த வேலைக்கு எத்தனை பேர் கொண்ட குழு, எடை எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் வாரியத்தில் மல்லுக்கட்ட ஆள் வேண்டும். சென்னைத் துறைமுகச் சங்கத்தின் தலைவராக இருந்து அந்தோணிப்பிள்ளை ஆண்டுக்கணக்கில் செய்தது இந்தச் சலிப்பூட்டும் வேலைதான். மேடைப் பேச்சில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் மேஸ்திரியின் விரலை மடக்கியது இந்தப் பதிவேடுதான்.

சங்க அறையிலிருந்து சபைக்கு

1948இல் போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி, சோஷலிஸ்ட் கட்சியோடு இணைந்தது. அதே ஆண்டு அந்தோணிப்பிள்ளை சென்னை மாநகராட்சி உறுப்பினரானார். அதே 1948இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அவர் ஒரு காலத்தில் திரட்டிய மலையகத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் உழைப்பவன் வாக்கை இழந்தான். இந்தப் பக்கம், அங்கிருந்து வந்தவர் வாக்கு வாங்கி மன்றத்தில் அமர்ந்தார்.

1952இல் சோஷலிஸ்ட் வேட்பாளராகச் சட்டமன்றம், 1957இல் மக்களவை. அவர் டெல்லியில் உட்கார்ந்திருந்த நாட்களில் கொழும்பில் அவருடைய மைத்துனர் பிலிப் குணவர்தனா, பண்டாரநாயக்கா அரசில் அமைச்சராக இருந்தார். உழவர்களுக்கான நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பெருமை பிலிப்புக்கு உண்டு. 1956இல் சிங்களம் மட்டுமே என்று சட்டம் செய்த அரசும் அதேதான். ஒரே குடும்பத்தின் இருவர், ஒரே கொள்கையில் தொடங்கியவர்கள், இரண்டு நாட்டுச் சபைகளில் எங்கெங்கோ போய் நின்றார்கள்.

1958இல் பம்பாய்த் துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர் பி. டிமெல்லோ மறைந்தார். அவர் பெயரை இன்றும் பம்பாய்த் துறைமுகத்தையொட்டிய நீண்ட சாலை தாங்கி நிற்கிறது. அதே ஆண்டு ஜூனில் நாடு தழுவிய துறைமுக வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் பத்து நாட்கள் பெரிய துறைமுகங்கள் ஸ்தம்பித்தன. அதன் விளைவாகத் துறைமுக வேலைகளை வகைப்படுத்தும் குழு அமைந்தது. பிறகு 1964இல் துறைமுகத் தொழிலாளர்களுக்கென்றே மத்திய ஊதிய வாரியம் வந்தது. பம்பாய்க்கு ஒரு கூலி, சென்னைக்கு ஒரு கூலி என்ற பிரிவினையை உடைக்க எல்லாத் துறைமுகங்களும் ஒரே மேசையில் பேச வேண்டும் என்பதுதான் அகில இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்தின் வழி. அதன் முன்னணித் தலைவர்களில் அந்தோணிப்பிள்ளையும் ஒருவர். இந்த் மஸ்தூர் சபாவிலும் அவர் பெரிய பொறுப்புகள் வகித்தார்.

தேர்தல் அரசியலில் அவருடைய கணக்கு நீளவில்லை. 1962இல் வடசென்னையைக் காங்கிரஸ் கைப்பற்றியது. 1967இல் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வென்றார். சங்கச் சந்தாவை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாக்கை இன்னொருவருக்குப் போடத் தொழிலாளி பழகிக்கொண்டார். ஆலை வாசலில் அவர் பின்னித் தொழிலாளி, துறைமுக வாசலில் ஆர்பர் தொழிலாளி. தெருவுக்கு வந்ததும் தமிழர். அந்தத் தமிழரிடம் பேசும் மொழியைத் திராவிட இயக்கம் கண்டுபிடித்திருந்தது. சோஷலிஸ்டுகளிடம் அது இல்லை. தமிழராகப் பிறந்து, தமிழ்த் தொழிலாளர் நடுவே வாழ்ந்த அந்தோணிப்பிள்ளைக்கே அது கைகூடவில்லை என்பதை அவருடைய அரசியலின் தோல்வி என்றுதான் எழுத வேண்டும்.

கரோலினைப் பற்றி இரண்டு வரி. கணவர் சிறையிலும் கூட்டங்களிலும் இருந்த காலங்களில் குடும்பத்தையும் கட்சிப் பணியையும் சேர்த்துத் தாங்கியவர். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். சிங்கள நிலப்பிரபு வீட்டில் பிறந்தவர் சென்னைவாசியாகவே நூறு வயதைக் கண்டு, 2009இல் மறைந்தார். தொழிலாளர் வரலாறுகளில் இப்படிப்பட்ட பெண்களுக்கு ‘மனைவி’ என்ற ஒரு சொல்தான் கிடைக்கிறது. அதைத் திருத்துவது இந்தத் தொடரின் கடமைகளில் ஒன்று.

பெட்டிகள் வந்தன

பதிவேட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு அது கோட்டை. வெளியே இருப்பவனுக்கு மதில். பெயர் ஏறியவருக்கு ஓய்வூதியம் வரை கிடைத்தது. ஏறாதவர் அதே துறைமுகத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு, அதே பழைய நிச்சயமின்மையில் இருந்தார். சங்கங்கள் உள்ளே இருப்பவர்களுக்காகப் போராடியதில் பாதியளவுகூட வெளியே இருப்பவர்களுக்காகப் போராடவில்லை.

இயந்திரங்களும் வந்துகொண்டிருந்தன. 1970களில் பாரதி டாக்கில் எண்ணெய்க் கப்பல்களுக்கும் இரும்புத் தாதுவுக்கும் இயந்திர வசதி அமைந்தது. 1983 டிசம்பரில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. நூறு பேர் நாள் முழுக்கச் சுமந்த சரக்கு ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடங்கி, கிரேனில் ஏறி, டிரெய்லரில் இறங்கியது. கப்பலின் வயிற்றுக்குள் இறங்க ஆள் தேவையில்லை. பதிவேட்டில் பெயர்கள் இருந்தன, வேலை இல்லை.

முடிவு ஒரே மூச்சில் வந்தது. 1997இல், பெரிய துறைமுகங்களுக்கு 1948 சட்டம் பொருந்தாதபடி செய்ய வழிவகுக்கும் சட்டம் நிறைவேறியது. 2000 ஆகஸ்டில் அந்தோணிப்பிள்ளை காலமானார். 2001இல் சென்னை டாக் லேபர் போர்டு துறைமுக டிரஸ்ட்டுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. அதே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. நாட்டின் பெரிய துறைமுகங்களில் கம்பெனியாகவே பிறந்த முதல் துறைமுகம் அது. அதே ஆண்டு தொழிற்சங்கச் சட்டமும் திருத்தப்பட்டது: அமைப்புசார் துறைகளில் வெளியாள் நிர்வாகிகள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. ஒரு மனிதரின் காலம் முடிந்ததும், அவரை உருவாக்கிய சட்டங்களின் காலமும் முடிந்தது.

கவரைப்பேட்டைக்கு என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி தாண்டினால் கவரைப்பேட்டை. தண்டவாளத்துக்கு இணையாக ஓடும் கல்கத்தா நெடுஞ்சாலையில் இரவும் பகலும் டிரெய்லர்கள். தெற்கே சென்னைத் துறைமுகம், கிழக்கே எண்ணூரும் காட்டுப்பள்ளியும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். கப்பலில் வரும் பழைய இரும்பு இங்கேயுள்ள உலைகளில் உருகிக் கட்டடக் கம்பியாகிறது. இந்தப் பகுதி துறைமுகத்தின் கொல்லைப்புறம். அந்தோணிப்பிள்ளையின் காலத்தில் துறைமுக வாசலில் நடந்தவை இன்று இந்தக் கொல்லைப்புறத்தில் நடக்கின்றன.

விடிகாலையில் இங்கே தொழிற்சாலை வாசல்களில் நிற்பவர்களைப் பாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள். நம் ஊர்க் கிராமங்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் கம்பெனியின் ஆட்களல்ல, கான்ட்ராக்டரின் ஆட்கள். ஆர்டர் குறைந்தால் நாளை வரவேண்டாம் என்று கான்ட்ராக்டரின் ஆள் போனில் சொல்லிவிடுவார். மேஸ்திரியின் விரல் இருந்த இடத்தில் இன்று செல்போன். 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டருக்கு உரிமம் வாங்கச் சொன்னது. வேலையில்லாத நாளின் சுமையில் பங்கெடுக்கும்படி எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. துறைமுகத்துக்கு 1948இல் கிடைத்தது அதுதான். சிப்காட்டுக்கு இன்றுவரை கிடைக்காததும் அதுதான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. அங்கே வாழும் குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்து, படித்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். வாக்குரிமை மட்டும் இல்லை. யாழ்ப்பாணக் குடும்பத்திலிருந்து தலைமறைவாக வந்தவரை மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அனுப்பிய அதே வடக்குக் கரையில்தான் இந்த முகாமும் இருக்கிறது. அன்று திறந்திருந்த கதவு இன்று ஏன் அடைத்திருக்கிறது என்ற கேள்வியை இங்குள்ள தொழிற்சங்கங்களாவது எழுப்பலாம்.

அந்தோணிப்பிள்ளைக்கு இந்தத் தொடர் தரும் இடம் இது: புரட்சிக்காரராக அவர் கனவு கண்டது நடக்கவில்லை. அரசியல்வாதியாக அவர் கட்டிய வீடு நிலைக்கவில்லை. ஆனால் காலையில் வேலை உண்டா என்று தெரியாமல் துறைமுக வாசலில் நின்ற தொழிலாளிக்கு, வேலை இல்லாத நாளிலும் கூலி உண்டு என்ற உரிமையை நிலைநிறுத்திய போராட்டத்தில் அவருக்கு முதல் வரிசை உண்டு. புரட்சி பேசியவர்கள் ஏராளம். பதிவேட்டில் ஒரு தொழிலாளியின் பெயரை ஏற்ற வாரியக் கூட்டத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்கள் சிலரே.

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சங்கம் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் 1947இன் நூறு நாள் வேலைநிறுத்தத்தோடு 1948 சட்டத்தையும் படிக்க வேண்டும். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்திருந்தால், அவருடைய டாக் லேபர் போர்டு அடையாள அட்டை வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். வேலையில்லாத நாளுக்கும் கூலி கேட்டு வாங்கியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

அடுத்த பகுதியில்: எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தபோது உப்பளத் தொழிலாளர்களுக்கு என்ன நடந்தது?